மூன்றடித் தொட்டியில் எத்தனை மீன்?

கடல்நீர் மீன் தொட்டி பற்றி இம்மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை திருகோணமலையிலிருந்து வந்தவை. கடல் வாசலிலேயே இருப்பதால் கடல்மீனை வீட்டில் வளர்ப்பதும் எளிதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவற்றில் பலவற்றில் தெரிகிறது. உப்புவெளியில் பல ஆண்டுகளாக இத்தொட்டிகளோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முன்னறையில் வைப்பதற்காக 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் கொண்ட தொட்டி ஒன்றைச் செய்வித்திருக்கிறேன். ஒரு சோடிக் கோமாளி மீன், ஒரு பவுடர் புளூ, கறுப்புப் பொட்டுகள் உள்ள ஒரு மஞ்சள் பெட்டி மீன், ஒரு லயன் மீன், மற்ற மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் சிவப்பு வெள்ளை இறால் இரண்டு ஆகியவற்றை வாங்க எண்ணுகிறேன். கடையில் பார்த்தபோது எதுவுமே என் உள்ளங்கையை விடப் பெரிதாக இல்லை. இவை ஒன்றாக வாழுமா?
(பாடசாலை ஆசிரியை, உப்புவெளி)

பதில்: கோமாளி மீன்களும் இறால்களும் வாழும், அம்மா. மற்ற மூன்றையும் இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள். கடையில் நீங்கள் பார்த்தவை குஞ்சுகள். பொலித்தீன் பையில் வீட்டுக்கு வரும் மீனைப் பார்த்துத் தொட்டியின் அளவை முடிவு செய்வது, தவழும் பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்தை அது பள்ளிக்கூடம் போகும் வயதிலும் போட்டுவிட நினைப்பது போன்றது.

முதலில் தொட்டியின் கணக்கைப் பார்ப்போம். நீள, அகல, உயரங்களைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உங்கள் தொட்டியின் கொள்ளளவு 182 லீற்றர். விளிம்புக்குக் கீழே நான்கைந்து சென்ரிமீற்றர் இடம் விட்டு, மணலும் கல்லும் பிடிக்கும் இடத்தையும் கழித்தால், உள்ளே நிற்கும் நீர் 145 லீற்றர் அளவுக்குத்தான் வரும். மீனுக்குக் கிடைப்பது அந்த 145 தான் என்பதால் எல்லா முடிவுகளையும் அதை வைத்தே எடுக்க வேண்டும்.

பவுடர் புளூ நம் கடலின் மீன்தான். புறாமலைத் தீவைச் சுற்றி நீந்தியவர்கள் அந்த வெளிர்நீல உடலையும் மஞ்சள் முதுகுத் துடுப்பையும் மறந்திருக்க மாட்டார்கள். அது 20 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரக்கூடியது. பாறையிலிருந்து பாறைக்குப் பாசி மேய்ந்துகொண்டு நாள் முழுவதும் நீந்தும் பழக்கமுடையது. 90 சென்ரிமீற்றர் கண்ணாடிக்குள் நான்கைந்து முறை வாலடித்தால் சுவர் வந்துவிடுகிறது. அப்படி முட்டித் திரும்பிக்கொண்டே இருக்கும் மீன் களைத்து, நோய்க்கு இடங்கொடுக்கும். உடலெங்கும் உப்புக் கல் தூவியது போல் வெண்புள்ளி விழும் நோய் இந்த இனத்தைத் தேடிப் பிடிப்பதைப் போலப் பிடிக்கும். அதற்கு மருந்தாக இடும் செம்பு உங்கள் இறால்களைக் கொன்றுவிடும். ஐந்தடி நீளமும் 450 லீற்றருக்குக் குறையாத நீரும் இல்லாதவர்கள் இம்மீனைக் கடலிலேயே பார்த்து மகிழ்வது நல்லது. அந்த வசதி நமக்கு இருக்கிறது.

பெட்டி மீனின் கதை வேறு. சதுரக் கட்டை போன்ற உடலோடு, சின்னத் துடுப்புகளை விசிறிக்கொண்டு மிதந்து வரும் அந்தக் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். வளர்ந்தால் அது 45 சென்ரிமீற்றரை எட்டக்கூடியது. அதைவிடப் பெரிய ஆபத்து அதன் தோலில் இருக்கிறது. மிரண்டாலோ சாகும் தறுவாயிலோ அது தோலிலிருந்து நஞ்சு கலந்த வழுவழுப்பைக் கக்கும். கடலில் அது கரைந்து போய்விடும். மூடிய தொட்டியில் அதே நஞ்சு மற்ற மீன்களையும், பல வேளைகளில் அந்தப் பெட்டி மீனையும் சேர்த்தே கொன்றுவிடும்.

லயன் மீன் யாரையும் துரத்தாது, கடிக்காது. அமைதியாக ஓரமாய் நின்று, வாய்க்குள் அடங்கும் எதையும் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். இறால்கள் முதல் வாரத்திலும் கோமாளி மீன்கள் அது வளர்ந்த பின்னும் காணாமற் போகும். முதுகு முட்களில் நஞ்சும் உண்டு. தொட்டிக்குள் கை விடும்போது குத்திவிட்டால், கையைச் சுட்டுவிடாத, தாங்கக்கூடிய சூட்டு நீரில், அதாவது ஏறத்தாழ 45 பாகையில், அமிழ்த்திக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் 145 லீற்றரில் என்ன வைக்கலாம்? தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்பட்ட ஒரு சோடிக் கோமாளி மீன், ஒரு சோடிப் பாங்காய் கார்டினல், பாசி மேயும் ஒரு பிளெனி, மணலில் குழி பறித்து வாழும் ஒரு கோபி, அத்துடன் உங்கள் இரண்டு இறால்கள். இதற்கு மேல் வேண்டாம். இந்தத் தெரிவில் எண்ணிக்கையை விட முக்கியமானது, ஒவ்வொன்றும் வேறு வேறு தளத்தில் வாழ்கிறது என்பது. கோமாளிகள் நடு நீரில் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்ளும், கார்டினல்கள் கல்லின் நிழலில் தொங்கி நிற்கும், பிளெனி கல்லின் மேல் உட்காரும், கோபி தரையை விட்டு எழும்பாது. ஒரே தளத்தை விரும்பும் இரு மீன்கள் 300 லீற்றரிலும் சண்டையிடும். வெவ்வேறு தளத்தவை நூறு லீற்றரிலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்கும்.

கோபிக்குத் துணையாக, விரல் சொடுக்குவது போல் ஒலி எழுப்பும் சிறு இறால் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். கண் பார்வை மங்கிய அந்த இறால் நாள் முழுவதும் மணலை அள்ளி வெளியே கொட்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் மீனின் வாலில் பட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் கோபி வாலை ஒரு வெட்டு வெட்டும், அடுத்த கணம் இரண்டும் குழிக்குள் இருக்கும். பவுடர் புளூவுக்காக நீங்கள் வருந்தினால், இந்தச் சோடியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

விடும் வரிசையும் உண்டு. சாதுவானவை முதலில், ஆதிக்கம் செய்பவை கடைசியில். கோபி, கார்டினல், பிளெனி என்று விட்டு, இறுதியாகக் கோமாளிகள். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு மூன்று வார இடைவெளி விடுங்கள். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் பார்த்து வாங்கினால் யார் தலைமை என்ற தகராறு சீக்கிரம் தீரும். இவற்றுக்கெல்லாம் முன்பு, மீன் இல்லாமலே தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓட விட்டு, கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்களை வளர்க்க வேண்டும். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும் வரை ஒரு மீனும் வேண்டாம்.

கேள்வி: நான் மேல்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். 60, 30, 30 சென்ரிமீற்றர் அளவுள்ள பழைய நன்னீர்த் தொட்டி கையில் இருக்கிறது. ஓர் அங்குல மீனுக்கு நாலைந்து லீற்றர் என்ற கணக்கில் பத்துச் சிறிய கடல்மீன்கள் விடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
(வங்கி ஊழியர், அநுராதபுரச் சந்தி)

பதில்: அந்த அங்குலக் கணக்கு நன்னீரிலேயே அரைகுறையானது, கடல்நீருக்கு அறவே பொருந்தாது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். உண்பதும் கழிப்பதும் மூச்சு விடுவதும் நீளத்தோடன்றி அந்த எடையோடு சேர்ந்தே கூடும். மேலும், 25 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஒட்சிசன் கரைந்திருக்கக்கூடும் என்றால், கடல்நீரில் 7 கூட இராது. நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்மாடி அறை என்ன சூட்டில் இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏற ஏற அந்த ஒட்சிசன் இன்னும் குறையும்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு 54 லீற்றர், உள்ளே நிற்பது 45 அளவு. சிறிய தொட்டி புதியவருக்கு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் கடினம், ஏனென்றால் தவறு செய்ய அதில் இடமில்லை. நண்பர் ஒருவரின் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அவருடைய தொட்டியில் 50 லீற்றர் நீர் நின்றது. மின்விசிறிக் காற்றில் நாளொன்றுக்கு அரை லீற்றர் ஆவியாகும். அவர் அந்தக் குறையைக் கடல்நீரால் நிரப்பி வந்தார். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். அரை லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 17 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு மாதத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்து, லீற்றருக்கு 35 கிராமாக இருக்க வேண்டிய உப்பு 45 ஆகிவிட்டது. மீன்கள் ஒன்றொன்றாகச் செத்துக்கொண்டிருந்தபோது அவர் மீன் விற்றவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆவியான நீரை உப்பில்லாத, குளோரின் இல்லாத தூய நீரால் மட்டுமே ஈடு செய்யுங்கள். தொட்டியின் பக்கத்தில் ஒரு கோடு வரைந்து, தினமும் காலையில் அக்கோடு வரை ஊற்றினால் போதும்.

இத்தொட்டியிலேயே தொடங்கத்தான் வேண்டுமென்றால், ஒரு சிறிய கோபி, ஒரு சிறிய இறால், நாலைந்து நத்தை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கோமாளிச் சோடி வேண்டுமென்றால் 75, 40, 40 அளவில், அதாவது 120 லீற்றரில், புதிதாக ஒன்று செய்விப்பதே நல்லது. கண்ணாடியும் கல்லும் சேர்ந்து அது 150 கிலோவைத் தாண்டும் என்பதால், நடு அறையில் வைக்காமல் பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள், வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பற்றரியில் ஓடும் காற்றுப் பம் ஒன்றையும் அதே நாளில் வாங்கி வையுங்கள். 2022 இல் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், பெரிய தொட்டி வைத்திருந்தவர்களுக்குச் சற்று அவகாசம் கிடைத்தது. சிறிய தொட்டிக்காரர்கள் பேணியால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு இரவைக் கழித்தார்கள்.

கேள்வி: தொட்டியைத் தொடங்கும்போது, சாகாது என்று கடைக்காரர் தந்த மூன்று கறுப்பு மீன்களை விட்டேன். நெற்றியிலும் இரு பக்கத்திலும் வெள்ளைப் பொட்டு. இப்போது ஒன்றுதான் மிச்சம். அதன் பிறகு விட்ட மீன்கள் எல்லாம் வால் கிழிந்து செத்துப் போகின்றன. நீரைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது.
(மளிகைக் கடை உரிமையாளர், கிண்ணியா)

பதில்: நீரில் குற்றமில்லை, அந்தக் கறுப்பு மீனில்தான். அது டாம்சல் வகை. குஞ்சாக இருக்கும்போது ஒரு ரூபாய்க் குற்றியளவு, வளர்ந்தால் 10 சென்ரிமீற்றரைத் தாண்டும். மூன்றில் இரண்டை அதுவே கொன்றிருக்கும். முழுத் தொட்டியும் தனக்கே உரியது என்று நினைத்துவிட்ட மீன், புதிதாக வருபவரைப் பம்மின் பின்னால் ஒடுங்கும் வரை துரத்தும். அங்கும் விடாது. ஒரு நாள் தொட்டியைத் தூரத்தில் இருந்து கவனியுங்கள். நீங்கள் கிட்டப் போனால் அது நல்ல பிள்ளையாக மேலே வந்து உணவு கேட்கும்.

கல்லை எல்லாம் வெளியே எடுத்து அதைப் பிடித்து, துளையிட்ட கூடையொன்றுக்குள் ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே அடைத்து வையுங்கள். கற்களை வேறு விதமாக அடுக்கி, புதிய மீன்களை விட்டு, அவை தத்தம் இடத்தைப் பிடித்த பின்னர் அதைத் திறந்து விடுங்கள். பழைய எல்லைகள் இல்லாத தொட்டியில் அது புதிதாக வந்தவனாகிவிடும். திறந்துவிடும் நாளில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைத்தால், தன் நிழலோடு சண்டையிட்டே அதன் கோபத்தில் பாதி தீரும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டியைத் தொடங்கி வைப்பதற்கு மீனைப் பலியிடும் வழக்கமே எனக்கு உடன்பாடில்லை. ஒரு துண்டு இறாலை அழுக விட்டாலே அந்த வேலை நடந்துவிடும்.

கேள்வி: எங்கள் உணவகத்தின் வரவேற்பறையில் 150, 60, 60 சென்ரிமீற்றர் தொட்டி வைக்கப் போகிறோம். வண்ணத்துப்பூச்சி மீன்களும், கோமாளி மீன்கள் விளையாடும், பூப்போன்ற கடலுயிரான கடற்சாமந்தியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம்.
(உணவக முகாமையாளர், நிலாவெளி)

பதில்: 540 லீற்றர் தாராளமான அளவு. ஆனால் உரிமையாளர் கேட்பவற்றில் ஒன்று மற்றதற்கு உணவு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள முருகைக்கல்லின் பூச்சிகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. நம் கடலில் சாதாரணமாகக் காணப்படும், மஞ்சள் உடலில் ஊதா வரிகள் நெருக்கமாக ஓடும் இனம் அப்படிப்பட்டது. எத்தனை விதமான உணவு போட்டாலும் அது மெலிந்தே சாகும். அதை விலை கொடுத்து வாங்குவது அதன் சாவுக்குப் பணம் கட்டுவதாகும். முதுகுத் துடுப்பிலிருந்து நூல் போல் ஓர் இழை நீளும் வெள்ளை மஞ்சள் இனம், நறுக்கிய இறாலையும் கணவாயையும் நன்றாக உண்ணும். ஆனால் கடற்சாமந்தியையும் அது அதே ஆவலோடு கொத்தும்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சி என்றால், அந்த நூல்துடுப்பு மீன் ஒன்று, ஒரு பவுடர் புளூ, நடுநீரில் நிற்கும் சாதுவான சிறு மீன்கள் சில. பவுடர் புளூ கடைசியாகத்தான் உள்ளே போக வேண்டும், இன்னொரு பவுடர் புளூ கூடவே கூடாது. கலவாயும் கிளாத்தியும் எந்த விருந்தினர் கேட்டாலும் வேண்டாம். கடற்சாமந்தி என்றால், வலுவான வெளிச்சமும், குறைந்தது ஆறு மாதம் ஓடிப் பழகிய தொட்டியும், பம்மின் வாயில் வலை மூடியும் வேண்டும். அது நினைத்த இடத்துக்கு ஊர்ந்து போகும் உயிர். மூடியில்லாத பம்மில் உறிஞ்சப்பட்டால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் பாழாகிவிடும். எல்லாக் கோமாளியும் எல்லாச் சாமந்தியிலும் குடியேறா என்பதையும் கவனியுங்கள். கறுப்பும் மஞ்சளுமான கிளார்க் இனம் எந்தச் சாமந்தியையும் ஏற்கும். கடைகளில் அதிகம் விற்கும் செம்மஞ்சள் இனம் இயற்கையில் மூன்று வகைகளோடு மட்டுமே வாழ்கிறது. கிளார்க் சற்று முரடு என்றாலும் உங்கள் தொட்டியில் அதற்கு இடமுண்டு.

தொட்டி நிறைந்ததும் எல்லாம் சேர்ந்து முக்கால் தொன்னை நெருங்கும். மேசை மீது வைக்கும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள். மேலே வலை மூடியும் அவசியம். தீத்துடுப்பு மீன் ஒன்றை மூடியில்லாமல் ஓரிரவு விட்டு, மறுநாள் தேடித் தேடி, மூன்றாம் நாள் அலுமாரிக்குப் பின்னால் கருவாடாகக் கண்டெடுத்தவன் நான்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முன்னால் கடல். மீன், கல், தண்ணீர் மூன்றையும் அங்கிருந்தே எடுக்கலாமா? அப்பா கான் ஒன்றில் தண்ணீர் அள்ளித் தருவதாகச் சொல்கிறார்.
(பத்தாம் தர மாணவன், திருகோணமலை நகரம்)

பதில்: தண்ணீர் எடுக்கலாம், தம்பி. கல்லை எடுக்க வேண்டாம். முருகைக்கல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவுப் பகுதியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் உலர்ந்த கல்லோ செயற்கைக் கல்லோ போதும், பக்டீரியா அதிலும் குடியேறும். மீனைப் பொறுத்தவரை, கரையோரக் குட்டைகளில் நீ பிடிக்கும் சிறு மீன்களில் பல, பாரை, கலவாய், ஓரா போன்ற பெரிய மீன்களின் குஞ்சுகளாக இருக்கும். ஆறு மாதத்தில் அவை தொட்டியையும் தொட்டியில் உள்ளவற்றையும் மிஞ்சிவிடும். எந்த இனம் என்று பெயர் சொல்ல முடியாத மீனைத் தொட்டிக்குள் விடாதே. கல்லைப் போலக் கிடக்கும் எதையும் வெறுங்கையால் தொடாதே, கல்மீனின் முள் உயிராபத்தானது.

அப்பா தண்ணீர் அள்ளும்போது துறைமுகத்தின் உள்பக்கத்தையும் வடிகால் விழும் கரைகளையும் தவிர்த்து, மழையில்லாத நாளில், வள்ளத்தில் சற்று வெளியே போய் அள்ளட்டும். எண்ணெயோ மருந்தோ இருந்த கானைப் பயன்படுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருட்டில் ஒரு வாரம் வைத்துத் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள். வாரம் ஒரு முறை தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கை அகற்றி இதை ஊற்றலாம். கார்த்திகை, மார்கழி வாடைமழையில் மகாவலி பெருக்கெடுத்துக் கொட்டியாரக் குடாவில் விழும் நாட்களில், கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அடர்த்திமானியில் 1.023 க்கும் 1.025 க்கும் இடையில் நிற்காத நீரைத் தொட்டிக்குள் ஊற்றாதே. அந்த மாதங்களுக்குத் தேவையான நீரைப் புரட்டாதியிலேயே அள்ளி, மூடி வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.